பிக்கெண்ட் போட்டுது எண்டு சொன்ன சத்தம், கடைசியில பிறேக்கில போய் நிண்டது

யாழ்ப்பாணம் வாற ஏ9 றோட்டில, முறிகண்டியில கச்சான் வாங்க இறங்கின நேரந்தான் அந்தச் சத்தத்தை முதல் முதலாக் கேட்டனான். இரவு ஒரு மணி இருக்கும், தம்புள்ளையில கரட், லீக்ஸ், கோவா ஏத்திக்கொண்டு வாறம், இஞ்சினை நிப்பாட்டாமல் ஸ்லோவில விட்டிட்டுப் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தப் போனனான், திரும்பி வரேக்க லொறிக்கு முன்னால வந்து நிண்டால் உள்ளுக்குள்ள இருந்து கட கட கட கட எண்டு, ஒரு பழைய பால்மா ரின்னுக்குள்ள நாலு திறப்பைப் போட்டுக் குலுக்கினா எப்பிடி இருக்கும், அப்பிடி ஒரு சத்தம். டீசல் இஞ்சின் எப்பவும் சத்தம் போடுறதுதான், அது வேற. ஒவ்வொரு நாளும் அந்த லொறியோட இருக்கிறவனுக்கு அதின்ர சொந்தச் சத்தம் எது, வந்து சேந்த சத்தம் எது எண்டு தெரியும். இது வந்து சேந்தது.

லொறி ஒரு பழைய இசுசு எல்ஃப், 4ஜேபி1 இஞ்சின், 2771 சிசி, நாலு சிலிண்டர். 2023இல வாங்கினது. 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டினதுக்குப் பிறகு பழைய லொறியளின்ர விலை எப்பிடி ஏறினது எண்டு இஞ்ச எல்லாருக்கும் தெரியும், முப்பது வருசப் பழசுக்கும் நிண்டு பேரம் பேச ஏலாத காலம் அது. மனிசியின்ர தாலிக்கொடியத் தவிர மிச்ச நகையெல்லாம் அடகுக்குப் போய்த்தான் அந்த லொறி உரும்பிராய்க்கு வந்தது. அதாலை ஒரு புதுச் சத்தம் கேட்டால் எனக்குக் காதில கேக்கிறேல்லை, வயித்துக்குள்ளதான் கேக்கும்.

மிச்ச வழி முழுக்க றேடியோவை நிப்பாட்டிப்போட்டுக் கேட்டுக்கொண்டே வந்தன். ஓட்டத்தில அவ்வளவு தெரியேல்லை, காத்துச் சத்தமும் ரயர்ச் சத்தமும் மூடிப்போடும். கிளிநொச்சியில நிக்கேக்க திருப்பிக் கேட்டுது. ஆனையிறவு தாண்டி, கைதடியில ஒரு இடத்தில நிப்பாட்டேக்க இன்னும் கூடினமாதிரி. விடிய சந்தையில சாமான் இறக்கிப்போட்டு வீட்டை வந்து, இஞ்சின் ஆறினாப் பிறகு பத்து மணிபோல ஸ்ராட் பண்ணிப் பாத்தால் சத்தம் குறைவு. பதினைஞ்சு நிமிசம் ஓட விட்டால் மெல்ல மெல்ல வருது. சூடாக ஆகக் கூடுது.

இந்த "சூடாகக் கூடுது" எண்டதுதான் என்னைப் பிழையான பக்கம் கொண்டுபோனது. அண்டைக்கே ஒரு கராஜுக்குக் கொண்டுபோனன், எந்தக் கராஜ் எண்டது இஞ்ச தேவையில்லை. அவர் அரை நிமிசம் கேட்டிருப்பார், ரெண்டு தரம் அக்சிலேற்றரை அமத்தினார், "பிக்கெண்ட் போட்டுது, இஞ்சின் இறக்க வேணும், கிராங் கடைச்சல் வரும், நாலரை லட்சம் பாத்து வையுங்கோ" எண்டு சொல்லிப்போட்டு மற்ற வாகனத்துக்குப் போட்டார். அவர் சொன்னதில நியாயம் இல்லாமல் இல்லை. பிஸ்ரனைக் கிராங் எண்ட பெரிய தண்டோட இணைக்கிற கனெக்ரிங் றொட்டின்ர கீழ்ப் பியறிங்கைத்தான் பிக்கெண்ட் எண்டிறது, அது தேஞ்சால் ஒயில் சூடாகி இளகேக்க பியறிங்குக்கும் கிராங்குக்கும் நடுவில இருக்கிற ஒயில் படலம் மெல்லிசாகி, தட்டுற சத்தம் கூடும். சூட்டில கூடுற சத்தம் எண்டால் முதல்ல அதைத்தான் எல்லாரும் நினைப்பினம். ஆனா அதை மட்டும் வைச்சு நாலரை லட்சத்துக்கு இஞ்சினை இறக்கலாமோ எண்டதுதான் கேள்வி, அந்தக் கேள்வி எனக்கு அங்க நிக்கேக்க வரேல்லை, நான் தலையை ஆட்டிப்போட்டு வந்திட்டன்.

இரவு நித்திரை இல்லை. அடகுக் கடைக்கு இன்னும் என்னத்தைக் கொண்டுபோறது எண்டு யோசிக்கேக்க மனிசியின்ர தம்பிதான் சொன்னான், "அத்தான், இஞ்சின் இறக்கிறதுக்கு முதல் கோப்பாயில அந்த ஐயாட்ட ஒருக்காக் காட்டுவம், அவர் இப்ப வேலை செய்யிறது குறைவு, ஆனா கேட்டுச் சொல்லுவார்" எண்டு.

ஐயாவுக்கு எழுபது தாண்டியிருக்கும். வளவுக்குள்ள மாமரத்துக்குக் கீழ ஒரு வாங்கில், ஒரு ரூல்ஸ் பெட்டி, அவ்வளவுதான். 1990இல பொருளாதாரத் தடை வந்து டீசலும் பெற்றோலும் யாழ்ப்பாணத்துக்குள்ள வராத காலத்தில, ஒஸ்ரின், மொறிஸ் காருகளை மண்ணெண்ணெயில ஓட வைச்ச ஆக்களில அவரும் ஒருத்தர். கொஞ்சப் பெற்றோலைக் காட்டி ஸ்ராட் பண்ணிப்போட்டு மண்ணெண்ணெய்க்கு மாத்துறது, அந்தக் காலத்தைக் கண்ட ஆக்களுக்கு அந்தப் புகை மணம் இப்பவும் மூக்கில நிக்கும். மண்ணெண்ணெய் பெற்றோல் இஞ்சினுக்குள்ள ஒழுங்கா எரியாது, வெடிச்சுத் தட்டும், அந்தத் தட்டுற சத்தத்தைக் கேட்டுக் கேட்டு, தீப்பொறி விழுற நேரத்தைப் பின்னுக்கு வைச்சு ஓட வைச்சவை. புதுச் சாமான் ஒண்டும் வராது, கழட்டினா மாத்த ஒண்டும் இல்லை, அதாலை கழட்டுறதுக்கு முதல் நூறு தரம் யோசிக்க வேண்டிய காலம். அந்தப் பழக்கம் அவரிட்ட இப்பவும் அப்பிடியே இருக்கு.

நான் போய் ஸ்ராட் பண்ணப் போக, "பொறும் தம்பி, நிப்பாட்டும், முதல்ல கதைப்பம்" எண்டார். வாங்கில இருத்திப்போட்டுக் கேள்வி கேக்கத் தொடங்கினார். சத்தம் எப்ப தொடங்கினது? ஆறிக்கிடக்கேக்க கேக்குதோ சூட்டிலயோ? பாரத்தோட ஏத்தம் ஏறேக்க கூடுதோ, அக்சிலேற்றரை விடேக்க கூடுதோ? ஒயில் எப்ப மாத்தினது, எந்த ஒயில்? ஒயில் லைற் ஸ்லோவில மினுங்குதோ? தண்ணி குறையுதோ? புகை மாறினதோ? நான் ஒவ்வொண்டாச் சொல்லிக்கொண்டு வாறன். ஏத்தத்தில கூடேல்லை எண்டு சொல்லேக்க அவர் கொஞ்சம் நிமிந்து பாத்தார். பிறகு கேட்டார்:

"கடைசியா என்னத்தில கை வைச்சனீர்?"

"ஒண்டிலயும் கை வைக்கேல்லை ஐயா."

"ஒயில், பெல்ற், வயர், ஏதாவது?"

அப்பத்தான் ஞாபகம் வந்தது. மூண்டு கிழமைக்கு முதல் சார்ஜ் லைற் பத்தினதாலை, பற்றரியைச் சார்ஜ் பண்ணுற அல்ரனேற்றரை மாத்தினது. புதுசு எடுக்கக் காசில்லை, கழட்டின சாமான் கடையில பாவிச்சது ஒண்டு வாங்கி, வழியில ஒரு இடத்தில குடுத்துப் பூட்டினது. அதுக்கும் இஞ்சின்ர சத்தத்துக்கும் தொடர்பு இருக்கும் எண்டு எனக்குப் படவே இல்லை, அது கரண்ட் சாமான் தானே எண்ட நினைப்பு. ஐயா ஒண்டும் சொல்லேல்லை. "சரி, இப்ப ஸ்ராட் பண்ணும்" எண்டார்.

அவர் செய்த ஒழுங்கை வடிவா எழுதிறன், ஏனெண்டால் இதுக்கு ஒரு சதமும் செலவில்லை, ஆருக்கும் செய்யலாம்.

இஞ்சின் சூடாகும் மட்டும் விட்டார். சத்தம் வந்தாப் பிறகு என்னைச் சீற்றில இருத்தி முதல்ல கிளச்சை அமத்தச் சொன்னார். மாற்றமில்லை. கிளச் அமத்தேக்க சத்தம் போனால் கியர்ப் பெட்டிக்குள்ள போற தண்டின்ர பியறிங்கைப் பாக்க வேணும், அமத்தேக்க புதுசா வந்தால் கிளச்சின்ர தள்ளுற பியறிங். ரெண்டும் இல்லை. அடுத்தது "பிறேக்கை நாலைஞ்சு தரம் அமத்தி அமத்தி விடும்" எண்டார். நான் நினைச்சன் ஐயாவுக்கு வயசு போட்டுது, நிக்கிற லொறியில பிறேக்கை அமத்தி என்ன வரப்போகுது எண்டு. அமத்தினன். கட கட எண்ட சத்தம் ஒருக்கா இறங்கி, தொனி மாறி, பிறகு பழையபடி வந்தது. திருப்பி அமத்த, திருப்பி மாறினது. முன்னால நிண்ட மச்சானுக்கும் கேட்டது.

ஐயா பிறகு ஒரு நீளமான ஸ்குறூ ட்றைவரை எடுத்து, பிடியைக் காதுக்குப் பின்னால எலும்பில வைச்சு, முனையை இஞ்சின்ர ஒவ்வொரு இடமா வைச்சுக் கேட்டார். மேல வால்வைத் திறக்கிற ராப்பெற்றின்ர மூடி, டீசல் சீறுற ஒவ்வொரு இன்ஜெக்ரர், கீழ ஒயில் நிக்கிற சம்ப், முன்னால ரைமிங் மூடி, தண்ணிப் பம்ப், கடைசியா அல்ரனேற்றர். எனக்கும் தந்தார். சம்பில வைக்கேக்க அந்தச் சத்தம் தூரத்தில கேக்குது, அல்ரனேற்றர்ர பின்பக்கத்தில வைச்ச உடன காதுக்குள்ள ஆரோ கல்லுக் கொட்டின மாதிரி. (இதைச் செய்யப் போறவை கவனம், சாரத்தோட போகாதேங்கோ, தொங்குற சேட்டோட போகாதேங்கோ, ஃபானும் பெல்ற்றும் சுத்திக்கொண்டு இருக்கு, ஒரு நிமிசத்தில கையைக் கொண்டு போடும்.)

இரும்பு சத்தத்தைக் கடத்தும், அதாலை ஒரு இடத்தில பலமாக் கேக்குது எண்டதை மட்டும் வைச்சு முடிவெடுக்கக் கூடாது எண்டு சொல்லிப்போட்டு, ஒரு துணியைச் சுத்தி நாலு இன்ஜெக்ரர்ப் பைப்பையும் ஒவ்வொண்டாக் கொஞ்சம் இளக்கி இறுக்கினார். பைப் இளக அந்த சிலிண்டருக்கு டீசல் போகாது, வெடிப்பு இல்லை, அந்தப் பிஸ்ரனில பாரம் இல்லை. பிக்கெண்ட் தட்டினா, அந்த சிலிண்டரை இப்பிடி நிப்பாட்டேக்க சத்தம் குறையும் இல்லாட்டி மாறும். நொசில் தட்டினாலும் அப்பிடித்தான். நாலையும் நிப்பாட்டிப் பாத்தாச்சு, இஞ்சின் நொண்டுது, ஆனா கட கட சத்தம் அப்பிடியே இருக்கு. அந்த இடத்தில என்ர நெஞ்சில இருந்த நாலரை லட்சம் பாதி இறங்கினது.

இதில ஒண்டு கட்டாயம் சொல்ல வேணும். இது பழைய பம்ப் இஞ்சினுக்குத்தான். இப்ப வாற கொமன் றெயில் இஞ்சின்களில, 4ஜேஜே1 மாதிரி, பைப்புக்குள்ள ஆயிரம் பாருக்கு மேலயும் அழுத்தம் ஏறும், அதை ஓடேக்க இளக்கவே கூடாது. பழசிலயும் கையைக் கிட்டக் கொண்டுபோகக் கூடாது, கண்ணுக்குக் கண்ணாடி போட வேணும். சீறுற டீசல் தோலைத் துளைச்சு உள்ள போகும், அது சின்னக் காயம் மாதிரித் தெரியும், ஆனா உடன ஆஸ்பத்திரிக்குப் போகாட்டி விரலையே எடுக்க வேண்டி வரும்.

கடைசியா இஞ்சினை நிப்பாட்டி, ஆற விட்டு, அல்ரனேற்றர்ர பெல்ற்றைக் கழட்டினார். கழட்டிப்போட்டு ஸ்ராட் பண்ணச் சொன்னார். பெல்ற் இல்லாட்டித் தண்ணிப் பம்ப்பும் சுத்தாது, அதாலை அரை நிமிசத்துக்கு மேல ஓட விடக் கூடாது. ஸ்ராட் பண்ணினன். ஆறின இஞ்சினில சத்தம் எப்பவும் குறைவுதானே எண்டு நான் கேக்க, "ஓம், ஆனா குறைவாயாவது கேட்டதுதானே, இப்ப கேக்குதோ?" எண்டார். இல்லை. சுத்தமா இல்லை. இஞ்சின்ர சொந்தச் சத்தம் மட்டும். ரெண்டு வருசமா எனக்குப் பழகின சத்தம். எனக்குக் கண் கலங்கினது உண்மை.

இப்ப விசயத்துக்கு வாறன். பெற்றோல் இஞ்சினில மூச்சு இழுக்கிற குழாயில த்ரொட்டில் மூடி இருக்கு, அதாலை அங்க ஒரு உறிஞ்சல், வக்கியூம், தானா வரும், அதை, காலின்ர பலத்தைக் கூட்டிக் குடுக்கிற பிறேக் பூஸ்ரருக்குக் குடுக்கலாம். டீசல் இஞ்சினுக்கு அப்பிடி இல்லை, அது காத்தைத் தடையில்லாமல் இழுக்கும். அதாலை வக்கியூமுக்கு எண்டு தனியா ஒரு பம்ப் வேணும். 4ஜேபி1 மாதிரிப் பழைய யப்பான் டீசல்களில அந்தப் பம்ப் அல்ரனேற்றர்ர பின்பக்கத்தில, அதே தண்டில பூட்டியிருக்கும். உள்ளுக்குள்ள ஒரு சுத்துற உருளை, அதில சின்னச் சின்னத் தகடுகள், சுத்தேக்க வெளியால தள்ளி சுவரோட உரஞ்சிக்கொண்டு போகும். அந்தத் தகடுகளுக்கு ஒயில் வேணும், அது இஞ்சின் ஒயில்தான், ஒரு மெல்லிய பைப்பால வந்து வேலையை முடிச்சிட்டு இன்னொரு ஹோசால சம்புக்குத் திரும்பும். அல்ரனேற்றர் வெறும் கரண்ட் சாமான் எண்டு நான் நினைச்சது இந்த இஞ்சினில பிழை. கிராங் ஒருக்காச் சுத்த அல்ரனேற்றர் ரெண்டு தரத்துக்கு மேல சுத்தும், அதாலைதான் அந்தத் தட்டல் இஞ்சின்ர தாளத்தோட சேராமல் வேகமாக் கேட்டது.

ஒயில் வாற பைப்பைப் பூட்டிற போல்ற் நடுவில ஓட்டை போட்டது, ரெண்டு பக்கமும் செப்பு வாசர் வைச்சு இறுக்கிறது. ஐயா அதைக் கழட்டி வெளிச்சத்துக்கு நேர பிடிச்சுக் காட்டினார். ஓட்டைக்குள்ள நீல நிறத்தில சிலிக்கன் பசை. மாத்தினவை புது வாசர் போடாமல், பழைய வாசருக்குச் சிலிக்கனைப் பூசி இறுக்கியிருக்கினம், இறுக்கேக்க பிதுங்கினது ஓட்டைக்குள்ள போய்க் காஞ்சு முக்கால்வாசியை அடைச்சிட்டுது. மூண்டு கிழமை, ரெண்டு நாளைக்கு ஒருக்கா தம்புள்ளை, போக வர ஐஞ்நூறு கிலோமீற்றர் கிட்ட, தகடுகள் காஞ்சபடி உரஞ்சி உரஞ்சி ஓடியிருக்கு.

எல்லாம் ஒரு சின்ன வாசரால வந்த வினை எண்டு சொன்னால் நம்பமாட்டியள்.

ஆனா ஐயாவுக்குச் சத்தம் பெரிசாப் படேல்லை. அவர் என்னைத் திருப்பிச் சீற்றில இருத்தினார். பெல்ற்றைத் திருப்பிப் பூட்டி, இஞ்சினை நிப்பாட்டி, பிறேக்கை ஐஞ்சாறு தரம் அமத்தி இறுக வைக்கச் சொன்னார். இறுகினாப் பிறகு காலை எடுக்காமல் அமத்திக்கொண்டு ஸ்ராட் பண்ணச் சொன்னார். நல்ல பூஸ்ரர் எண்டால் இஞ்சின் ஸ்ராட் ஆன உடன கால் தானாக் கொஞ்சம் கீழ இறங்க வேணும். என்ர கால் அப்பிடியே நிண்டது. கன நேரத்துக்குப் பிறகு ஒரு சொட்டு இறங்கினது.

"பிறேக் பாரமா இருக்கேல்லையோ தம்பி?"

இருந்தது. அதுதான் எனக்கு இண்டைக்கும் மனசில கிடக்கிறது. ஒரு கிழமைக்கு மேலயா பிறேக் கட்டையா இருந்தது, நான் பாரம் கூட ஏத்தினதாலை எண்டு நினைச்சன், பிறேக் சூ தேஞ்சிருக்கும் எண்டு நினைச்சன், பீற்றூட் கொண்டுபோகேக்க அப்பிடித்தான் எண்டு நினைச்சன். முறிகண்டியில சத்தம் கேட்டதுக்கு அரை மணித்தியாலத்துக்கு முதல், மாங்குளம் தாண்டி வரேக்க றோட்டில மாடு படுத்துக் கிடந்தது. ஏ9இல இரவு ஓடிற ஆக்களுக்கு அந்த மாடுகளைத் தெரியும், தார் றோட்டுச் சூட்டுக்கு வந்து படுக்கும், கறுப்பு மாடு எண்டால் லைற் படும் மட்டும் கண்ணுக்குத் தெரியாது. நான் ரெண்டு காலாலயும் ஏறி நிண்டுதான் அந்த லொறியை நிப்பாட்டினனான். மச்சான் பக்கத்தில நித்திரை. நிண்டாப் பிறகு மாட்டுக்கும் பம்பருக்கும் நடுவில ஒரு முழம் இருந்தது. பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தப் போனதே அதுக்குத்தான். அந்த மாட்டையும் இந்தச் சத்தத்தையும் நான் ஒண்டாச் சேத்து யோசிக்கவே இல்லை, கராஜில அதைச் சொல்லவும் இல்லை. நான் சொல்லாததை அவர் எப்பிடி அறிவார்? அவர் கேக்கவும் இல்லை எண்டது வேற.

வக்கியூம் இல்லாட்டியும் பிறேக் முழுசாப் போகாது, பிறேக் ஒயிலின்ர அழுத்தம் வேலை செய்யும், ஆனா பூஸ்ரர் உதவி இல்லாமல் காலின்ர பலத்திலதான் நிப்பாட்ட வேணும். பாரத்தோட போற லொறிக்கு அது காணாது. நான் நாலரை லட்சத்துக்கு இஞ்சினை இறக்கி, பியறிங் மாத்தி, பூட்டியிருந்தால், அதே பம்ப்பைத்தான் திருப்பிப் பூட்டியிருப்பினம். சத்தமும் போயிராது, பிறேக்கும் வந்திராது.

பம்ப்பைக் கழட்டிப் பாத்தால் தகடுகள் தேஞ்சு, ஒண்டின்ர மூலை உடைஞ்சு கிடந்தது, உள்சுவர் முழுக்கக் கோடு. தகடு மட்டும் மாத்தினா அந்தக் கோட்டில திருப்பித் தேயும் எண்டார் ஐயா, அதாலை கொழும்பில வாகனச் சாமான் கடையள் இருக்கிற பஞ்சிகாவத்தையில விசாரிச்சுப் பம்ப் மட்டும் தனியா எடுப்பிச்சு பஸ்ஸில அனுப்புவிச்சனான், பம்ப், வாசர், ஓறிங், ஒயில், ஃபில்ற்றர் எல்லாமாச் சேத்து இருபத்தெட்டாயிரம் முடிஞ்சது. ஐயா கூலி எண்டு கேட்டது ரெண்டாயிரம், நான் கூடக் குடுத்தன், வாங்கேல்லை, பிறகு ஒரு குலை கதலி கொண்டுபோய்க் குடுத்தனான். உடைஞ்ச தகட்டுத் துண்டு ஒயிலோட சம்புக்குத்தானே போயிருக்கும், அதாலை ஒயிலை வடிச்சு, ஃபில்ற்றரை வெட்டி விரிச்சுப் பாத்தம். இதையும் எல்லாரும் பழக வேணும். ஃபில்ற்றர்க் கடதாசியை விரிச்சு வெயிலில பாத்தால், செம்பு நிறத்தில, வெள்ளி நிறத்தில மினுங்கிற தூள் இருந்தால் அது பியறிங். காந்தம் வைச்சால் பியறிங் தூள் ஒட்டாது, இரும்பு எண்டால் ஒட்டும், இரும்பு எண்டால் கியர், றிங், காம் பக்கம் யோசிக்க வேணும். என்ர ஃபில்ற்றரில மினுங்கல் இல்லை, தகட்டின்ர கறுப்புத் துகள் கொஞ்சம். உண்மையில இஞ்சின் இறக்கிற முடிவை எடுக்கிறதுக்கு முதல் இதைத்தான் முதல்ல செய்திருக்க வேணும், ஒரு ஃபில்ற்றர் விலைதான் போகும்.

ஐயாவோட அந்த ரெண்டு மூண்டு நாளும் இருக்கேக்க மற்றச் சத்தங்களைப் பற்றியும் கன விசயம் கேட்டுக்கொண்டன். ஆறின இஞ்சினில ஸ்ராட் பண்ணின உடன டக் டக் எண்டு கேட்டு சூடாகப் போற சத்தம் எண்டால் ரெண்டு பக்கம் பாக்க வேணும். ஒண்டு பிஸ்ரன், ஆறிக்கிடக்கேக்க சிலிண்டருக்குள்ள கொஞ்சம் தளர்வா இருந்து பக்கத்தில அடிக்கும், சூட்டில விரிஞ்சு சரிவரும். மற்றது புகைப் பக்கம், எக்ஸோஸ்ற் மனிபோல்ட் காஸ்கற் ஊதினா டிக் டிக் எண்டு ராப்பெற் மாதிரியே கேக்கும், சூட்டில இரும்பு விரிஞ்சு அடைபடக் குறையும், ஊதுற இடத்தில கறுப்பாப் புகைக்கரி படிஞ்சிருக்கும், கண்ணாலயே காணலாம். ராப்பெற் சத்தம் மேல மூடிக்குக் கிட்ட, மெல்லிசா, இஞ்சின் சுத்துறதின்ர பாதி வேகத்தில கேக்கும், ஏனெண்டால் காம் தண்டு கிராங்கின்ர பாதி வேகத்திலதான் சுத்துது. 4ஜேபி1க்கு இஞ்சின் ஆறினாப் பிறகு காத்து உள்ள போற வால்வுக்கும் புகை வெளிய போற வால்வுக்கும் ராப்பெற் இடைவெளி 0.4 மில்லிமீற்றர். முதலாம் சிலிண்டரை அமுக்கத்தின்ர உச்சியில கொண்டுவந்து அதின்ர ரெண்டு வால்வும், ரெண்டாவதின்ர உள்ள போறது, மூண்டாவதின்ர வெளிய போறது, பிறகு கிராங்கை ஒரு முழுச் சுத்துச் சுத்தி மிச்ச நாலும் எண்டு இடைவெளியைச் சரிபண்ண வேணும். ஐயா என்னைக் கொண்டே செய்விச்சவர், இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜ் தகடு இறுக்கமும் இல்லாமல் தளர்வும் இல்லாமல் எண்ணெய் பூசின கடதாசி இழுக்கிற மாதிரி வர வேணும் எண்டு.

பிக்கெண்ட் எண்டால் இன்னும் கனமா, ஆழமாக் கேக்கும், பாரத்தில கூடும், அக்சிலேற்றரைப் பிடிச்சு விடேக்க கட கட எண்டு தனியாத் தெரியும். சந்தேகம் எண்டால் ஒயில் அழுத்தத்தைக் கேஜ் பூட்டி அளக்கிறது, ஒயில் சுவிச் கழட்டின இடத்திலயே பூட்டலாம், லைற்றை நம்பி இருக்கக் கூடாது, அழுத்தம் கன தூரம் விழுந்தாப் பிறகுதான் லைற் பத்தும்.

தண்ணியைப் பற்றியும் சொன்னார், அது எங்கட ஊருக்கே உரிய கரைச்சல். எங்கட கிணத்துத் தண்ணி சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால வாறது, கேத்திலில வெள்ளையாப் படியிற அதே சாமான் றேடியேற்றருக்குள்ளயும் படியும். வீட்டுக் கிணத்துத் தண்ணியை ஊத்தி ஊத்தி, தண்ணிப் பாதை அடைபட்டு, இஞ்சின் சூடு கூடி, பிறகு சத்தம், காஸ்கற் எண்டு போகும். கூலன்ற் விலை எண்டால் குறைஞ்சது மழைத்தண்ணியாவது பிடிச்சு வைச்சு ஊத்தச் சொன்னார்.

பழைய லொறி வாங்கப் போற ஆக்களுக்கு, நான் அண்டைக்குச் செய்யாமல் விட்டதைச் சொல்லுறன். விக்கிற ஆளுக்குச் சொல்லாமல் விடியப் போங்கோ, இல்லாட்டி "நான் வந்தாப் பிறகுதான் ஸ்ராட் பண்ண வேணும்" எண்டு சொல்லிப்போட்டுப் போய், போன உடன இஞ்சினில கையை வைச்சுப் பாருங்கோ. சூடா இருந்தால் ஆறும் மட்டும் நில்லுங்கோ, தேத்தண்ணி குடியுங்கோ, ஒரு மணித்தியாலம் போனாலும் பரவாயில்லை. ஆறின சத்தம் ஒண்டு, சூட்டுச் சத்தம் ஒண்டு, ரெண்டையும் கேக்காமல் விலை கதைக்கக் கூடாது. ஒயில் குச்சியை இழுத்துப் பாக்கேக்க ஒயில் தேன் மாதிரித் தடிப்பா இருந்தால் சத்தத்தை மூடத் தடிச்ச ஒயில் ஊத்தியிருக்கலாம், 15டபிள்யூ40 போடுற இஞ்சினில அப்பிடி இருக்காது. ஒயில் ஊத்துற மூடியைத் திறந்தால் புகை குபு குபு எண்டு வந்தால் றிங் போன இஞ்சின். எங்கயாவது பைப் பூட்டில, மூடி விளிம்பில நீலமா, சிவப்பாச் சிலிக்கன் பிதுங்கிக்கொண்டு நிண்டால், வெளிய தெரியிற அளவுக்கு உள்ளயும் போயிருக்கும் எண்டு நினையுங்கோ. பிறகு அந்தப் பிறேக் சோதனை, நிப்பாட்டி அமத்தி இறுக்கி, காலை வைச்சுக்கொண்டு ஸ்ராட் பண்ணுறது. அதுக்கு ஒரு நிமிசம் காணும், விக்கிற ஆளும் ஒண்டும் சொல்ல ஏலாது. நான் இப்ப ஒவ்வொரு நாளும் சாவி போடேக்கயே அதைச் செய்யிறனான், கால் கீழ இறங்கினாத்தான் கேற்றுக்கு வெளிய லொறி போகும்.

சத்தத்தைப் ஃபோனில றெக்கோட் பண்ணி வைக்கிறதும் நல்லது. கராஜுக்குக் கொண்டுபோற நேரம் எண்டால் சத்தம் வராது, அது எல்லா வாகனத்துக்கும் உள்ள குணம். ஆறினது, சூடானது, பிறேக் அமத்தினது எண்டு தனித்தனியா எடுத்து வைச்சால் கேக்கிற ஆளுக்கும் உதவி. ஃபோனின்ர மைக் ஆழமான சத்தத்தைப் பிடிக்காது, அதாலை அதை மட்டும் கேட்டு ஆரும் முடிவு சொன்னால் எடுக்காதேங்கோ.

முதல் பாத்த கராஜுக்கும் போனனான். சண்டைக்கு இல்லை. அந்தப் போல்ற்றைக் கொண்டுபோய்க் காட்டினன். அவர் வாங்கி வெளிச்சத்தில பிடிச்சுப் பாத்தார், கன நேரம் பாத்தார், "அண்ணை, பிறேக் பாரம் எண்டு நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் நானும் பம்ப்பைப் பாத்திருப்பன்" எண்டார். அது நியாயமான கதைதான். அவருக்கு அண்டைக்கு எட்டு வாகனம் வாசலில நிண்டது.

இப்பவும் விடிய ஸ்ராட் பண்ணினா ஒரு மெல்லிய டிக் டிக் இருக்கு, ஐஞ்சு நிமிசத்தில போடும். நாலாவது சிலிண்டருக்குக் கிட்ட மனிபோல்டில கறுப்பாக் கரி படிஞ்சிருக்கிறதைக் கண்டனான், காஸ்கற்தான். மனிபோல்டைப் பிடிச்சிருக்கிற ஸ்ரட் எல்லாம் கறள் பிடிச்சு நிக்குது, பலவந்தமாக் கழட்டினா தலையோட முறியும் எண்டு ஐயா சொன்னதாலை ஒவ்வொரு நாளும் பின்னேரம் வந்து, இஞ்சின் இளஞ்சூட்டில இருக்கேக்க கறள் இளக்கிற எண்ணெயை விட்டுக்கொண்டு வாறன். வெங்காயம் கிண்டி முடிய ஒரு கிழமை ஓட்டம் குறையும், அப்பதான் அதில கை வைக்க வேணும்.